மியூசியத் தரையில் நின்று கற்றுக்கொண்ட கியூரேட்டர் வேலை

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி இதுதான்: "அக்கா, கியூரேட்டர் ஆகணும்னா எங்க படிக்கணும்?"

மியூசியத்திலும் கலைக்கூடத்திலும் கண்காட்சிகளை அமைக்கிறவர்தான் கியூரேட்டர். எங்கே படிக்கலாம் என்பதற்குப் பதில் சுலபம். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952 முதல் மியூசியாலஜி, அதாவது மியூசிய இயல், துறை இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு உண்டு. அரசு வேலைதான் வேண்டும் என்றால் டி.என்.பி.எஸ்.சி.யில் காப்பாட்சியர் (கியூரேட்டர்) பதவிக்கான அறிவிப்பு வரும். எப்போதாவதுதான் வரும், கேட்கிற தகுதியும் பதவிக்குப் பதவி மாறும், அதனால் அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார வேண்டாம் என்று சொல்வேன். ஆனால் நான் இந்த வேலைக்கு வந்த வழி படிப்பில் தொடங்கவில்லை. பார்க்க வந்த ஜனங்களோடு நின்றதில் தொடங்கியது. அதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஓவியப் படிப்பை முடித்த கையோடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சியான கொச்சி-முசிரிஸ் பியனாலேவுக்கு மீடியேட்டராகப் போனேன். 2016 டிசம்பரில் தொடங்கி அடுத்த மார்ச் வரை நடந்த பதிப்பு அது. கியூரேட்டர் சுதர்ஷன் ஷெட்டி. மீடியேட்டர் என்றால் ஒரு படைப்பின் பக்கத்தில் நின்று, வருகிறவர்கள் கேட்டால் பேசுகிற ஆள். சம்பளம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்ட் கொச்சியில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கினோம்.

பியனாலே நடந்த ஆஸ்பின்வால் ஹவுஸில் ஒரு பெரிய பழைய கிடங்கு. அதன் தரை முழுக்க முழங்காலை எட்டும் அளவுக்குக் கடல்நீர் நிரப்பியிருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டாவின் படைப்பு. செருப்பைக் கழற்றி, உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்துபோனால், கோடிச் சுவரில் ஒரு கவிதை இருக்கும். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடலில் மூழ்கிப்போன சிரியாக் குழந்தை கலிப் குர்திக்கு எழுதியது. கரையொதுங்கிய அவன் தம்பி ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. கலிப்புக்கு அப்படி ஒரு படம் இல்லை. நான் அவன் அப்பா இல்லை, ஆனாலும் கலிப் என் மகன் என்கிறார் சூரிட்டா. சிலியில் 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கப்பலின் அடித்தளத்தில் அடைத்துவைத்துச் சித்திரவதை செய்யப்பட்டவர் அவர்.

சபரிமலை சீசன் அது. மலை இறங்கிய கையோடு ஊர் சுற்ற வந்த ஐயப்பமார் கூட்டம் ஒன்று, தேனிப் பக்கத்து ஆட்கள், கறுப்பு வேட்டியோடு உள்ளே வந்தார்கள். "என்னம்மா இது, கடல் தண்ணியா?" என்றார் குருசாமி. "ஆமாம் சாமி, நடந்து போகலாம்" என்றேன். எல்லோரும் ஏற்கெனவே வெறுங்கால். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயங்காமல் இறங்கிவிட்டார்கள். கோடியில் நின்று கவிதையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள், தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் குருசாமி கேட்டார்: "அப்ப மூத்த பையனை யாருமே பார்க்கலியா?"

அந்தப் படைப்பு கேட்பதும் அதைத்தான். கலை படிக்காத ஒருவர், ஈர வேட்டியோடு நின்றபடி, நேராக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் பேச்சு இல்லை. காலில் பட்ட தண்ணீர், நடக்க வேண்டியிருந்த தூரம், கவிதை கடைசியில் மட்டும் கண்ணில் படுகிற மாதிரி வைத்த இடம், இவைதான். கியூரேட்டர் என்கிறவர் செய்கிற வேலை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எது முதலில் தெரிய வேண்டும், எது பிறகு, உடம்பு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை.

அடுத்து பரோடா. நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று வழக்கமான ஏற்பாடுதான். நேர்காணலில் சான்றிதழ்களைவிட, கொச்சியில் நான் எழுதிவைத்திருந்த நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்கள். யார் என்ன கேட்டார்கள், எங்கே நின்றார்கள், எதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள் என்று தினமும் ராத்திரி எழுதிய நோட்டு. இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் எங்கே வேலை பார்த்தாலும், வாரக்கடைசியில் வழிகாட்டியாக நின்றாலும், இப்படி ஒன்று எழுதிவையுங்கள்.

படிப்பில் கைக்கு வந்த விஷயங்கள் உண்டு. பொருளை எப்போதும் இரண்டு கையால் தூக்க வேண்டும், கைப்பிடி இருந்தாலும் அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பொருளுக்குப் பக்கத்தில் பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. உலோகத்துக்கு நைட்ரைல் கையுறை, காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறும் கையே மேல். ஒரு பொருள் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்கிற கண்டிஷன் ரிப்போர்ட் எழுதுவது பலருக்கு அலுப்பான வேலை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. ஒரு படத்தின் மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்பும் உப்பலும் விரிசலும் எழுந்து நிற்கும். ஒரு மூலையில் தொடங்கிக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஓவியத்தை அத்தனை நேரம் பார்க்க வேறு எந்தச் சாக்கும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சயாஜி பாக் பூங்காவுக்குள் இருக்கிற பரோடா மியூசியத்துக்குப் போய்விடுவேன். நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் எகிப்திய மம்மியும் அங்கே உண்டு. ஐரோப்பிய ஓவியக்கூடமும் உண்டு. குடும்பம் குடும்பமாக வருவார்கள். தரை வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்டு, ஒரு குடும்பம் எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று கோடு இழுப்பேன். மம்மிக்கு முன்னால் கோடுகள் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கும். ஓவியக்கூடத்தில் ஒரே நேர்கோடு, வாசலிலிருந்து வாசலுக்கு. ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று இதைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கூடத்தில் வயசானவர்கள் உட்கார இடம் இருக்கிறதா, குழந்தையின் கண் உயரத்துக்கு ஏதாவது இருக்கிறதா, நின்று பார்க்க ஒரு காரணத்தை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ரசனையைப் பற்றிப் பேச வேண்டும்.

படித்து முடித்ததும் ஒரு தனியார் மியூசியத்தில் கல்விப் பிரிவில் வேலை. பதினோரு மாத ஒப்பந்தம், முடிந்தால் புதுப்பிப்பார்கள். இந்தத் துறையில் பாதிப் பேர் இப்படித்தான் காலம் தள்ளுகிறோம். வாடகையும் கல்விக்கடனும் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். சம்பளத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. சுவருக்குப் பெயிண்ட் அடித்து, படம் மாட்டி, லேபிள் அச்சுக்குப் போன பிறகுதான் எங்கள் பிரிவைக் கூப்பிடுவார்கள். "ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்க, ஏதாவது ஆக்டிவிட்டி பண்ணிடுங்க" என்பார்கள். கண்காட்சி ஒருவர் வேலை, பார்வையாளர் இன்னொருவர் வேலை என்று பிரித்துவைத்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்பதில் நான் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன்.

அங்கே பிள்ளைகளோடு நான் செய்தது எளிமையான முறை. நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் உருவாக்கியது. மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர். பிள்ளை திரும்பப் படத்துக்குள் போய் ஆதாரம் தேடும். கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்த பிள்ளைகள், கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒரு வகுப்பைப் பார்த்த மூத்த கியூரேட்டர் ஒருவர், அடுத்த கண்காட்சியின் முதல் கூட்டத்துக்கே என்னைக் கூப்பிட்டார். கதவு திறந்தது அப்படித்தான்.

பிறகு நானே ஒரு கண்காட்சி அமைக்கிற வாய்ப்பு வந்தது. சின்ன இடம், சின்ன பட்ஜெட். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கருப்பூர் கலம்காரியை எடுத்துக்கொண்டேன். 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த கலை. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் பேனாவால் கையால் வரைவது. கோயிலுக்கான விதானம், தோரணம், தேரிலும் மண்டபத்திலும் உருளையாகத் தொங்குகிற தொம்பை.

இரவல் வாங்குவதுதான் பெரிய வேலை. 100 வருடம் தாண்டிய பொருள் என்றால் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டம் வந்து நிற்கும். உரிமையாளரிடம் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அவர் வீட்டுச் சுவரிலிருந்து எடுக்கிற நிமிடம் முதல் திரும்ப அங்கேயே மாட்டுகிற வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். பெட்டி எப்படிச் செய்வது, யார் கூடப் போவது, ஈரப்பதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். படைப்பு மனம் வேறு, பேப்பர் வேலை வேறு என்று நினைக்கிறவர்கள் இங்கே தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

பழைய துணிக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) தாண்டக் கூடாது. அந்த இருட்டில் வயசானவர்களுக்குக் கோடே தெரியாது. தொம்பையைக் கண்ணாடிக்குள் தட்டையாக விரித்தால் அது தொம்பையும் இல்லை. சிக்கல்நாயக்கன்பேட்டையில் இந்த வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அது காத்துல சுத்தணும்மா. சுத்தினாத்தான் கதை நகரும்" என்றார். சரி, பழையதை மங்கிய ஒளியில் பெட்டிக்குள் வைத்தோம். அவரிடமே புதிதாக ஒரு தொம்பை வரைந்து வாங்கி, கூடத்தின் நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, நல்ல வெளிச்சம் போட்டு, தொடலாம் என்று எழுதிவைத்தோம். மின்விசிறிக் காற்றில் அது மெதுவாகத் திரும்பும். ஜனங்கள் அதைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் பெட்டிக்குப் போனார்கள். போனவர்கள் குனிந்து நின்று நேரம் எடுத்துப் பார்த்தார்கள், எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

லேபிள்களை முதலில் தமிழில் எழுதினேன், ஒவ்வொன்றும் அறுபது சொல்லுக்குள். "பருத்தித் துணி, இயற்கைச் சாயம், 19-ம் நூற்றாண்டு" என்கிற வரி கீழே சின்ன எழுத்தில் போனது. மேலே, "இந்தக் கறுப்புக் கோடு இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த மை. வலது ஓரத்தில் கோடு தடித்திருக்கிறது பாருங்கள், அங்கே பேனாவை மறுபடி தோய்த்திருக்கிறார்" என்று இருந்தது. அதைப் படித்தவர்கள் வலது ஓரத்துக்குப் போனார்கள். லேபிளுக்கு அதற்கு மேல் வேலை கிடையாது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் எல்லா லேபிளையும் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் அண்ணனிடமும் பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடமும் படித்துக் காட்டி, அவர்கள் தடுக்கிய இடங்களைத் திருத்தினேன்.

சென்னையில் இருப்பவர்கள் பயிற்சிக்கு எழும்பூர் மியூசியத்தை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1851-ல் தொடங்கியது; வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜருக்கு முன்னால் ஒரு மதியம் நில்லுங்கள். கைகூப்புகிறவர்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள், ஸ்கெட்ச் புத்தகத்தோடு தரையில் உட்கார்கிறவர்கள் எல்லாரும் ஒரே சிலைக்கு முன்னால்தான் இருப்பார்கள். இவர்களில் யாரையும் விரட்டாமல் மற்றவருக்கும் இடம் கொடுக்கிற மாதிரி அந்தக் கூடத்தை எப்படி அமைப்பீர்கள் என்று யோசித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

பணத்துக்கும் சில வழிகள் சொல்கிறேன். பெங்களூரில் 1993 முதல் இருக்கிற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஆவணக் காப்பகங்களோடும் மியூசியங்களோடும் சேர்ந்து வேலை செய்ய நல்கை கொடுத்துவருகிறது. டெல்லியின் கோஜ் என்கிற கலை அமைப்பு, ஜெர்மன் பண்பாட்டு அமைப்பான கதே இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்து இளம் கியூரேட்டர்களுக்குப் பயிற்சி நடத்தியிருக்கிறது. கொச்சியில் மாணவர் பியனாலே உண்டு. விண்ணப்பத்தில் பெரிய தத்துவம் வேண்டாம். எந்தப் பொருள், யாருடையது, எங்கே வைக்கப்போகிறீர்கள், யார் வந்து பார்ப்பார்கள், என்ன செலவு என்பதைத் தெளிவாக எழுதினாலே முக்கால்வாசி விண்ணப்பங்களை முந்திவிடலாம்.

இப்போது நான் உதவியாளர் எடுக்கும்போதும் ஒன்றைத்தான் கேட்கிறேன். ஏதாவது ஒரு மியூசியத்தில் ஒரே பொருளுக்குப் பக்கத்தில் ஒரு முழு நாள் நின்று, வந்தவர்கள் என்ன செய்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். ஓவியம் படித்தவராக இருந்தாலும் சரி, வரலாறு படித்தவராக இருந்தாலும் சரி, பி.காம். படித்தவராக இருந்தாலும் சரி, அந்த நோட்டை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவேன்.