கெயின் பாட் திருப்பினா ஏன் கரகரன்னு சத்தம் வருது?

மைக் ப்ரீஆம்ப் (மைக்கோட சின்ன சிக்னலைப் பெருக்குற சர்க்யூட்) ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், ஆப்-ஆம்ப் சிப் வச்ச நான்-இன்வர்ட்டிங் (சிக்னலைத் தலைகீழாக்காத) சர்க்யூட் தான், கிரவுண்டுக்கு 1 கிலோஓம், ஃபீட்பேக்ல (அவுட்புட்லேர்ந்து இன்புட்டுக்குத் திரும்பி வர்ற வழி) 100 கிலோஓம் பாட் (திருப்பினா மதிப்பு மாறுற ரெசிஸ்டர்), அதாவது கெயின் (எத்தனை மடங்கு பெருக்குதுன்னு) 1-லேர்ந்து 101 வரைக்கும் போகும். முதல்ல 741 ஆப்-ஆம்ப் போட்டேன், கெயின் 100 வச்சா பேண்ட்வித் (சரியா பெருக்குற அதிர்வெண் எல்லை) சுமார் 10 கிலோஹெர்ட்ஸ்தான் மிஞ்சுது, பாட்டுல ஜால்ரா சத்தமே மங்கிப்போச்சு. டிஎல்072-ங்கற வேற ஆப்-ஆம்ப் மாத்தினேன், இப்ப 30 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வருது, ரொம்ப சந்தோஷம்!

ஆனா அந்த கெயின் பாட் திருப்பும்போது படார்னு ஒரு சத்தம். ரெண்டு நாள் மண்டைய உடைச்சப்புறம்தான் புரிஞ்சுது, வைப்பர் (பாட் உள்ள நகர்ற தொடுமுனை) ஒரு நொடி தொடாம விட்டா ஃபீட்பேக்கே அறுந்துடுது, அவுட்புட் நேரா சப்ளை வோல்டேஜுக்குப் போய் ஒட்டிக்குது. பாட்டோட சும்மா இருக்குற மூணாவது காலை வைப்பரோட சேர்த்து சால்டர் பண்ணுங்க, அப்ப வைப்பர் விட்டாலும் 100 கிலோஓம் அங்கேயே இருக்கும். இதை தயவுசெஞ்சு யாரும் விட்டுடாதீங்க.