லகாஷ் கணக்கு: பாரிஸ்ல எழுதுன நாட்குறிப்பு

7 மார்ச் 2025, வெள்ளி

ஆபீஸ் வேலையா பாரிஸ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. பகல் பூரா இன்னொருத்தர் கம்பெனி லெட்ஜர பாக்குறது, ராத்திரி ரூம்ல மேகி, இதான் பொழப்பு. வெள்ளிக்கிழமை லூவ்ர் மியூசியம் ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும்னு சொன்னாங்க, போனேன். ஊரே மோனாலிசாவ பாக்க ஓடுது, நான் வழி தவறி ரிஷெலியூ பக்கம் கீழ்த்தளத்துல போய் ஒடஞ்ச கல்லு ஒன்னு முன்னாடி நின்னுட்டேன்.

பேரு கழுகுக் கல். கி.மு. 2450 வாக்குல செஞ்சது, தெற்கு ஈராக்ல இருந்த லகாஷ்ங்குற சுமேரிய நகர அரசோட ராஜா ஈயன்னாட்டும் வச்ச வெற்றிக்கல். முழுசா இருந்தப்போ ஆள் உயரம் இருந்திருக்கும், இப்ப துண்டு துண்டா மிச்சம். ஒரு பக்கம் வீரனுங்க வரிசையா கேடயத்த ஒட்டவச்சு செவுரு மாதிரி நிக்குறானுங்க, நடுவுல ஈட்டி நீட்டிக்கிட்டு இருக்கு, காலடில எதிரி பொணம், அது மேலயே ஏறி நடக்குறானுங்க. மேல கழுகுங்க வெட்டுன தலைய கவ்விக்கிட்டு பறக்குது. மறுபக்கம் நிங்கிர்சு சாமி பெரிய வலைக்குள்ள எதிரிங்கள மூட்டையா புடிச்சு வச்சிருக்கார். வலைலேர்ந்து ஒருத்தன் தலைய வெளிய நீட்டுறான், சாமி கதாயுதத்தால அந்த தலைலயே ஒன்னு வைக்கிறார். அந்த ஒருத்தன் மூஞ்சியத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

வெளிய குளிரு. நாள் பூரா லகாஷ் பத்தியே படிச்சேன்.

லகாஷ்னா ஒரே ஊர் இல்ல. கிர்சு, லகாஷ், நிகின்னு மூணு ஊர் சேந்த அரசு. நிங்கிர்சு கோயில் இருந்தது கிர்சுல, இன்னைக்கு தெல்லோன்னு சொல்ற மேடு. 1877ல பஸ்ரால பிரெஞ்சு துணைத் தூதரா இருந்த எர்னஸ்ட் த சார்செக் தோண்ட ஆரம்பிச்சார், அதனாலதான் இத்தன பொருள் பாரிஸ்ல கெடக்கு. அதுக்கு முன்னாடி சுமேரியர்னு ஒரு ஜனம் நெசமாவே இருந்துச்சான்னே அறிஞருங்க அடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். சார்செக் ஊர்ல இல்லாதப்ப உள்ளூர் ஆளுங்க ஆயிரக்கணக்குல களிமண் பலகைங்கள எடுத்து வித்துட்டாங்க, இன்னைக்கு உலகம் பூரா மியூசியத்துல சிதறிக் கெடக்கு.

சண்டை எதுக்கு? வேற என்ன, தண்ணியும் நெலமும்தான். பக்கத்து ஊர் உம்மா. நடுவுல கூ-எதின்னான்னு நல்ல வளமான பூமி. கீஷ் ராஜா மெசிலிம் பஞ்சாயத்து பண்ணி எல்லைக்கல் நட்டு வச்சார், உம்மாக்காரன் அத புடுங்கிப் போட்டான், அப்புறம் பரம்பரை பரம்பரையா அடிதடி. இதெல்லாம் லகாஷ் எழுதி வச்ச கதை, அத மறக்கக்கூடாது. உம்மா பக்கம் கிஷாகிடுன்னு ஒரு ராஜா அதே எல்லைய அளந்து தன் வெர்ஷன எழுதியிருக்கார், ஆனா லகாஷ் எழுதுன அளவுக்கு உம்மா சரக்கு நமக்கு கெடைக்கல. ஆடிட்ல ஒரு பார்ட்டி புக்க மட்டும் வச்சு கையெழுத்து போடச் சொன்னா நான் போட மாட்டேன்.

12 மார்ச், புதன்

இன்னைக்கு மீட்டிங்ல உக்காந்துகிட்டே மனசு பூரா பார்லி மேலதான்.

ஈயன்னாட்டும் தம்பி மகன் என்டெமெனா ஒரு களிமண் கூம்புல இந்த எல்லைத் தகராறு மொத்தத்தையும் எழுதி வச்சிருக்கார். அதுல வாளவிட முக்கியமான சமாச்சாரம் கடன். லகாஷ் சாமிங்களோட பார்லிய உம்மாக்காரன் கடனா வாங்கித் தின்னான், வட்டி ஏறிச்சு, வட்டிக்கு வட்டி ஏறிச்சு, கடைசில எந்த ராஜாவாலயும் கட்ட முடியாத தொகையா நின்னுச்சு. சுமேர்ல பார்லிக்கு வழக்கமான வட்டி மூணுல ஒரு பங்கு. சும்மா எக்ஸெல்ல போட்டுப் பாத்தேன், அந்த ரேட்ல 1 மூட்டை 10 வருஷத்துல 17 மூட்டைக்கு மேல, 40 வருஷத்துல கிட்டத்தட்ட 1 லட்சம் மூட்டை. பக்கத்து சீட்காரர் எட்டிப் பாத்து என்ன ப்ராஜெக்ட்னு கேட்டார், பழைய பாக்கின்னு சொல்லிட்டேன்.

வெளியூர்க்காரனுக்கு இப்படி வட்டி போட்ட அதே என்டெமெனா தன் ஊர் ஜனத்துக்கு கடன தள்ளுபடி பண்ணார். அதுக்கு சுமேரியத்துல அமர்கின்னு பேரு, நேரடி அர்த்தம் அம்மாகிட்ட திரும்புறது. கடனுக்கு அடிமையாப் போன புள்ள வீட்டுக்கு வருதுல்ல, அது. 'அம'ன்னா அம்மா. உடனே சுமேரியமும் தமிழும் ஒன்னுன்னு ஆரம்பிச்சுடாதீங்க, உலகத்துல பாதி மொழில புள்ளைங்க அப்படித்தான் கூப்புடுது, சுமேரியத்துக்கு சொந்தக்கார மொழின்னு எதையும் இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல.

14 மார்ச், வெள்ளி

மறுபடியும் லூவ்ர். இந்த தடவ லகாஷ ஆண்ட கூடியாங்குறவரோட சிலைங்க. இவர் காலம் கி.மு. 2100 பக்கம், அக்காத் பேரரசு வந்து போனதுக்கு அப்புறம். கருப்பு டயோரைட் கல்லுல கைகட்டி உக்காந்திருக்கார், கல்லு மகான்லேர்ந்து, அதாவது ஓமன் பக்கத்துலேர்ந்து வந்தது. ஒரு சிலைக்கு தலை இல்ல, மடில கோயில் பிளான் வரைஞ்ச பலகை இருக்கு, மதில், வாசல் எல்லாம் கோடு கோடா தெரியுது, பக்கத்துல அளவு கீறுன ஸ்கேல் வேற. ராஜா தன்ன இன்ஜினியரா காட்டிக்கிறார், வாள் இல்ல. கோயிலுக்கு செந்நிற கார்னீலியன் மணி மெலுஹாலேர்ந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கார். மெலுஹான்னா சிந்துவெளின்னுதான் பெரும்பாலான அறிஞருங்க சொல்றாங்க.

இன்னொரு சந்தோஷம், அல்-ஹிபாங்குற லகாஷ் மேட்டுல கி.மு. 2700 வாக்குல இருந்த சாப்பாட்டுக்கடை ஒன்ன கண்டுபுடிச்சு 2023ல அறிவிச்சாங்க. பெஞ்சு, அடுப்பு, ஈரம் வச்சு குளுமை பண்ற மண்பானை, மீன் மிச்சம் ஒட்டுன கிண்ணம். ராஜாக்கள விட இந்த கிண்ணம்தான் எனக்கு நெருக்கமா இருக்கு.

16 மார்ச், ஞாயிறு

நாளைக்கு ஃபிளைட். பேக்கிங்க போட்டுட்டு ஊருகாகினா பத்தி படிச்சேன், கி.மு. 2350 வாக்குல லகாஷ ஆண்டவர். ஜனங்கள யார் யார் எவ்வளவு புடுங்குனாங்கன்னு பட்டியல் போட்டு குறைச்சார். முன்னாடியெல்லாம் ஒரு பொணத்த அடக்கம் பண்ண 7 ஜாடி பீர், 420 ரொட்டி, தானியம், துணி, ஆடு, கட்டில் எல்லாம் வாங்கிட்டு இருந்தாங்க, இவர் வந்து 3 ஜாடி, 80 ரொட்டி, ஒரு ஆடு, ஒரு கட்டிலோட நிறுத்துனார். அப்பா போனப்ப மயானத்துல ஆளாளுக்கு கை நீட்டுனது ஞாபகம் வந்துச்சு, ஒருத்தர் ரசீது கேட்டதுக்கு சிரிச்சார்.

அதுக்காக இவர ரொம்ப புனிதராவும் ஆக்க வேணாம். ராணி நடத்துன 'பெண்கள் வீடு'ங்குற சொத்துக்கு பாவ் அம்மன் வீடுன்னு பேர மாத்துனார், நிர்வாகம் என்னமோ அவர் பொண்டாட்டி ஷாஷா கைலதான். போர்ட மாத்துனா ஓனர் மாறிடுவாரா?

கடைசில உம்மாதான் ஜெயிச்சது. உம்மா ராஜா லுகல்சகேசி வந்து லகாஷ கொளுத்துனான். அப்ப லகாஷ் எழுத்தர் ஒருத்தர் ஒரு பலகை எழுதியிருக்கார், புலம்பலே இல்ல, டேமேஜ் ரிப்போர்ட் மாதிரி: இந்த கோயிலுக்கு தீ வச்சான், அந்த கோயில்ல வெள்ளியையும் நீலக்கல்லையும் எடுத்தான், இங்க ரத்தம் சிந்துனான், அடுத்தது, அடுத்தது. கிர்சு ராஜா ஊருகாகினா மேல தப்பு இல்லன்னு ஒரு வரி. இந்த பாவத்த லுகல்சகேசியோட அம்மன் நிசபா தன் கழுத்துல சுமக்கட்டும்னு ஒரு சாபம். நிசபா யாருன்னு தேடிப் பாத்தா, தானியத்துக்கும் எழுத்துக்கும் அவதான் சாமியாம்.

அந்த லிஸ்ட்ல சாபத்துக்கு முன்னாடி வர்ற கடைசி ஐட்டம்: நிங்கிர்சு வயல்ல உழுத வரைக்கும் இருந்த பார்லிய அள்ளிட்டு போயிட்டான்.