காங்கேயம் கன்னுக்குட்டிக்கு என்ன நிறம்?

பிள்ளைகளுக்கான படக்கதைக்கு ஓவியம் வரைகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காங்கேயம் மாடு ஈன்ற கன்று வெள்ளையாக இருக்காது. செம்பழுப்பாகப் பிறந்து, ஆறு மாதம் போல ஆனபிறகுதான் சாம்பலுக்கு மாறும். பூச்சிக்காளைக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் காளைக்கு, திமிலும் கழுத்தும் கருத்திருக்கும். காயடித்த வண்டிமாட்டுக்கு அந்தக் கருமை வெளுத்துவிடும். படக்கதையில் பாரவண்டி இழுக்கிற மாட்டுக்குக் கருந்திமில் போட்டால், தாராபுரம் பக்கத்துப் பொடுசு ஒன்று "ஏனுங்க, பூச்சிக்காளையப் போயி வண்டில பூட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிடும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை படத்தைத்தான் படிக்கும். நாம் தாண்டிப் போவதை அது தாண்டாது.

இணையத்தில் 'கிராமம்' என்று தேடினால் தென்னையும் நெல்வயலும்தான் வந்து விழும். வெள்ளகோவில், மூலனூர் பக்கம் நடக்கிற கதைக்கு அது ஆகாது. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வேண்டும்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே குடை விரித்த மாதிரி வெள்வேல மரம். கோடையில் கிளுவை இலை உதிர்த்து முள்ளும் குச்சியுமாக நிற்கும், மழை விழுந்ததும் தழையும். அதனால் வேலியை வரையும் முன், கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அதை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

வண்ணத்தை எடுப்பதற்கு முன்னால் கட்டம். 32 பக்கப் புத்தகம் என்பது 16 பக்க ஃபாரம் (சேர்த்து அச்சடித்து மடிக்கிற பக்கத் தொகுதி) இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போக, 3ஆம் பக்கத்தில் கதை தொடங்கினால் 4–5 முதல் 30–31 வரை 14 ஜோடிப் பக்கங்கள், கடைசி ஒற்றை. எல்லாவற்றையும் ஒரே ஏ3 தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாகப் பென்சிலில் போட்டுப் பாருங்கள். சந்தைக்குப் போகிறவர் வலப்பக்கம் பார்த்து நடந்தால், திரும்பி வரும்போது இடப்பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார் என்றுதான் பிள்ளை நினைக்கும். "புதருக்குள் யார்?" என்ற கேள்வி வலப்பக்கத்தில் முடியட்டும், பதில் தாளைத் திருப்பினால் கிடைக்கட்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால், அம்மா கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை நரியைக் கண்டுபிடித்திருக்கும்.

18×24 செ.மீ. புத்தகத்துக்கு ஜோடிப் பக்கம் 36×24. வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தால் 36.6×24.6, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறத்தாழ 4,323×2,906 பிக்சல். தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நடுவில் சென்டர் பின் அடிக்கும்போது உள்தாள்கள் வெளியே தள்ளி நிற்கும், கட்டிங்கில் அவைதான் அதிகம் நறுக்கப்படும். முகமோ எழுத்தோ ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். நடுமடிப்பில் முகம் வைக்கவே வேண்டாம், மூக்கு போய்விடும்.

மஞ்சள்தான் பெரிய தொல்லை. ஈரோட்டுக் கதையில் மஞ்சள் மண்டி வராமல் இருக்குமா? திரையில் பளபளக்கும் நிறம் அச்சில் சேறாக வரும். சயான் (நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கருப்பு என்ற நாலு அச்சு மைகளில் மஞ்சள் 100, மெஜந்தா 20 சதவீதம் என்று வைத்துத் தொடங்குங்கள். நிழலுக்குக் கருப்பைத் தொடாமல் மெஜந்தாவைக் கூட்டுங்கள். சயான் கொஞ்சம் கலந்தாலும் பச்சையடிக்கும். பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் எல்லாமே ஒரு படி கருத்து மங்கும், அதற்கேற்ப வெளிர விட வேண்டும். எழுத்து கருப்பு 100 மட்டும். நாலு நிறத்தில் எழுத்தை அனுப்பினால், ஒரு நிறத்தின் அச்சுப் பிளேட் இம்மி நகர்ந்தாலும் மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொரு புள்ளி முளைக்கும்.

காசு விஷயம். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே வாய்ப்பேச்சு போதாது. எந்தெந்த மொழி, எத்தனை ஆண்டு, மூலப்படம் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் தாளில் வரட்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். பென்சில் படத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு கன்றின் நிறத்தை மாற்றச் சொன்னால் தனிக் கூலி என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.