அத்தை பார்த்த காக்காய்

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வேடந்தாங்கல் போனேன். கூழைக்கடா என்கிற பெலிகன் பறவையைப் பார்த்ததே இல்லை என்று மாமியாரும் கூடவே கிளம்பிவிட்டார்.

ஏரிக்கரையில் ஏறும்போது மணி ஆறே முக்கால். சூரியன் நேர் எதிரே. நீர்க்கடம்பு மரங்களின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரைகள். வெள்ளை உடம்பு, வால் பக்கம் ரோஜா நிறம், எல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தன. அரை மணி நேரத்தில் இருநூறு படம் தட்டிவிட்டுப் பெருமையாகத் திரையைக் காட்டினேன்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காக்கா எடுக்கவா மாப்பிள்ளை இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம மொட்டை மாடிக்கே வருமே."

கேமராவைச் சொல்லிக் குற்றமில்லை. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் அது வெளிச்சத்தை அளக்கும். பின்னால் வானம் பளீரென்று இருந்தால் மொத்தப் படத்தையும் அமுக்கிவிடும், நாரை கருகிப்போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆபீசில் இரண்டு பேருக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன்.

சரி என்று, கேமரா அளந்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை பிளஸ் 2-க்கு ஏற்றினேன். நாலு மடங்கு வெளிச்சம். இறகு வந்தது, ரோஜா நிறம் வந்தது, மூக்கும் மஞ்சளானது. வானம் மட்டும் வெளுத்த வேட்டி. போகட்டும், வானம் பார்க்கவா வந்தோம்?

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் கூழைக்கடா ஒன்று தாழப் பறந்து, நிழலில் இருண்டு கிடந்த மரக்கூட்டத்தை ஒட்டிப் போனது. படபடவென்று அடித்தேன். வெளிறிய பறவை, கறுத்த பின்னணி. மைனஸில் எடுத்திருக்க வேண்டும். நானோ பிளஸ் 2-ஐ இறக்கவே மறந்திருந்தேன். திரையில், சொட்டு நீலம் போட்டு அலசிய தலையணை உறை ஒன்று பறந்துகொண்டிருந்தது. கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தாலும் இந்த அளவுக்கு வெளுத்தது திரும்பாது.

"இதுதான் கூழைக்கடாவா?" என்றார் அத்தை. நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.

கோபத்தில் மைனஸ் 1-க்குத் திருகி வைத்தேன். அப்போது சூரியனுக்கு முன்னால் ஒரு பட்டுப்போன கிளையில், இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி ஒரு பறவை. ஒரே ஒரு படம். உடம்பு முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் பொன் இழை.

"மறுபடியும் காக்கா" என்றார்.

"ஆமாம் அத்தை, நீர்க்காகம்."

இப்போது அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இருப்பது அதுதான்.