செங்கல் சில்லும் சல்லடையும்: ஏழு மாதக் கள்ளிக் கலவை அனுபவம்

போன ஐப்பசியில் ஒரு ஆஸ்ட்ரோபைட்டம், இரண்டு மம்மிலேரியா என மூன்று கள்ளிச் செடிகள் போயின. மேலே பச்சையாகத்தான் இருந்தன, தொட்டால் அடி கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. மழை விட்டு ஒன்பது நாள் ஆகியும் தொட்டியின் நடுவில் ஈரம். அப்போதைய கலவை, பாதி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), பாதி தென்னை நார்க்கழிவு. மணல் இருந்தால் தண்ணீர் தானாக வடியும் என்று நம்பியிருந்தேன். எம்-சாண்டில் இருக்கிற பொடி இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டது, வேருக்குக் காற்றே போகவில்லை.

பல்லடம் பக்கம் எங்கள் காட்டு வேலியில் சப்பாத்திக்கள்ளி சரளை மண்ணில் எந்த மழைக்கும் அசையாமல் நிற்கிறதே, அது எப்படி என்று யோசித்தேன். தரையில் தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும். தொட்டியில் போக இடமில்லை, அடியில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். பொடி அதிகமானால் அந்த ஈரம் இன்னும் மேலே ஏறி நிற்கும். அடியில் ஜல்லி பரப்புவதும் உதவாது, ஈர மண் அதே அளவுக்கு மேலே தள்ளி வரும், அவ்வளவுதான்.

தை மாதம் எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தேன். முதலில் பெர்லைட், சூட்டில் பொரிந்த இலேசான வெள்ளைக் கல். வடிகால் நன்றாகவே இருந்தது, ஆனால் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மிதந்து மேலே வந்தது, ஆடிக் காற்றில் அந்த இலேசான தொட்டிகள் மாடியில் உருண்டன. பியூமிஸ் அருமையான பொருள்தான், ஆனால் எரிமலைக் கல் நம் பக்கம் தோண்டினால் கிடைக்காது, வெளியிலிருந்து வருவதால் விலை கட்டுப்படியாகவில்லை.

அப்புறம்தான் செங்கல். வீட்டுக்கு வேலைக்கு வந்த மேஸ்திரியிடம் உடைந்த கல் கேட்டேன். "எடுத்துக்கங்க, ஆனா வேகாத கல்ல எடுத்துறாதீங்க, தண்ணியில கரைஞ்சு போயிருங்க" என்றார். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அதற்காகக் கருகி உருகிய கல்லும் ஆகாது, அது தண்ணீரே குடிக்காது. சிமென்ட் ஒட்டியிருந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டேன். நனைத்துவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு உடையுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை.

500 கிராம் காய்ந்த சில்லை ஒரு நாள் ஊறவைத்து, துடைத்து எடை போட்டேன்: 585. அதே அளவு கருங்கல் சிப்ஸ் 503தான். செங்கல் தன் உடம்புக்குள் நீரைப் பிடித்துக்கொள்கிறது, சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான். கருங்கல் தண்ணீர் பிடிக்காது, ஆனால் தொட்டிக்குக் கனம் தருகிறது, காற்றில் சாயவில்லை.

கிரஷரில் வாங்கும் சிப்ஸில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நம் தோட்டத்துச் சுக்காங்கல்லும் அப்படித்தான் நுரைக்கும். ஏற்கெனவே போர்த் தண்ணீர் உப்பு, கலவையிலும் சுண்ணாம்பு ஏறினால் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் வெளுத்துப்போகும்.

இப்போதைய அளவு: செங்கல் சில்லு இரண்டு பங்கு, கருங்கல் சிப்ஸ் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. கல் இரண்டையும் 3 முதல் 6 மில்லிமீட்டருக்குள் வருகிற மாதிரி சலித்து, தூளைக் கழுவி, வெயிலில் காயவைக்கிறேன். சலிப்பதுதான் பெரிய வேலை, ஒரு மூட்டைக்கு அரை நாள் ஆகிறது. ஒருமுறை சோம்பல்பட்டுச் சலிக்காமலே போட்டேன், அதே செங்கல், அதே கருங்கல், தொட்டி காய எட்டு நாள் ஆனது. சலித்ததில் நான்கே நாள். பழைய எம்-சாண்ட் கலவைக்குப் பதினொன்று.

வேர் எப்படி இருக்கிறதென்று ஆவணியில் ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளி ஒன்றைத் தொட்டியிலிருந்து கழற்றிப் பார்த்தேன். வெள்ளை வேர்கள் செங்கல் சில்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உதறினாலும் விடவில்லை. ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐப்பசி மழை இன்னும் பாக்கி. பழைய கலவையில் பதினொரு தொட்டிகள் இருக்கின்றன, புரட்டாசி முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும்.