டிராஃப்ட் நாட்குறிப்பு 2024: பிட்சரை எப்போது எடுப்பது?

மார்ச் 12
நண்பர்களோடு ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறேன்: நிஜ வீரர்களை டிராஃப்டில் ரவுண்டுக்கு ஒருவராக எடுத்து ஆளுக்கொரு அணி சேர்ப்போம், மைதானத்தில் அவர்கள் ஆடுவதை வைத்து எங்களுக்குப் புள்ளி. இன்றைய செய்தி, பிட்சர் (பந்து வீசுபவர்) ஜெரிட் கோலுக்கு முழங்கையில் வலியாம். போன வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். செய்தியைப் படித்ததும் எனக்கு இன்னொரு பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஞாபகம்தான் வந்தது. போன டிராஃப்டில் அவரை மூன்றாம் ரவுண்டிலேயே எடுத்தேன். ஆறே ஆட்டம்தான் தொடங்கினார், ஜூனில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த முழங்கைத் தசைநாரைச் சரிசெய்வது, அத்தோடு சீசன் முடிந்தது). அந்த ஓட்டையை அடைக்க சீசன் முழுக்க அல்லாடினேன். இந்த முறை முதல் நான்கு ரவுண்டும் பேட்டர்கள்தான்.

மார்ச் 17
என் பட்டியலில் பிட்சரின் வெற்றிக் கணக்கைக் கோடு போட்டு நீக்கிவிட்டேன். 2018இல் இதே டிகிராமின் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 1.70. ஆனால் ஜெயித்தது 10, தோற்றது 9. சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? நான் பார்ப்பது ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) வாக்கும் (நான்கு தப்பான பந்து வீசி அவரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) மட்டும்தான். பந்து மட்டையில் பட்டுவிட்டால் மீதி ஃபீல்டர் பாடு.

இப்படித் தேடியதில் கண்ணில் பட்டவர் டெட்ராய்ட் அணியின் டாரிக் ஸ்கூபல். கையில் அறுவை சிகிச்சை முடிந்து போன ஜூலையில்தான் திரும்பினார். 80 இன்னிங்ஸ் சொச்சத்தில் 102 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 14 வாக். பதினாலே பதினாலு! நோட்டில் இரண்டு தடவை கோடு போட்டுவிட்டேன். வீசியது அரை சீசன்தான் என்பதால் பலர் இன்னும் தயங்குகிறார்கள்.

டென்வர் அணியின் பிட்சர்கள் யாரும் வேண்டாம். அந்த ஊர் இருக்கும் ஒரு மைல் உயரத்தில் காற்று மெலிசு. அடித்த பந்து பறக்கும், வீசிய பந்து சரியாக வளையாது.

மார்ச் 23, இரவு
இன்று டிராஃப்ட். 12 பேர், எடுக்கும் வரிசையில் எனக்கு ஏழாவது இடம். எனக்குச் சற்று முன்னால் நண்பர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரை எடுத்துக்கொண்டார். 2023இல் 281 ஸ்ட்ரைக்அவுட், ஆசை யாரை விட்டது! ஐந்தாம் ரவுண்டில் லோகன் வெப்பை எடுத்தேன். போன வருடம் 216 இன்னிங்ஸ் வீசியவர். அப்புறம் ஆறாம் ரவுண்டு வரும்வரை ஸ்கூபல் பெயர் திரையிலிருந்து மறைந்துவிடுமோ என்று உள்ளங்கை வியர்த்துவிட்டது. மறையவில்லை.

பதிமூன்றில் கிறிஸ் சேல். அடுத்த வாரம் 35 வயது, வருடக்கணக்காகக் காயம். அந்த ரவுண்டில் எடுத்தவர் உடைந்தாலும் அணி உடையாது.

மார்ச் 28
ஸ்கூபல் சிகாகோவில் 6 இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. டெட்ராய்டுக்கு 1-0 வெற்றி.

ஏப்ரல் 6
ஒரே நாளில் இரண்டு இடி. பிட்சர் ஷேன் பீபர் இந்த சீசனில் இரண்டே ஆட்டத்தில் 12 இன்னிங்ஸ், 20 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன்கூடத் தரவில்லை. இன்று அவருக்கும் டாமி ஜான் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரைடர் செய்தி: முழங்கைத் தசைநாரில் சேதம். நேற்று ஆடிக்கொண்டிருந்த பையன்.

நண்பரைக் கூப்பிட்டேன். "முதல் ரவுண்டே போச்சுப்பா" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும், போன ஜூனில் என் குரல் அதுதான். ஸ்கூபலைத் தருவியா என்று கேட்டார். மனசு இளகியது, ஆனாலும் முடியாது என்றுவிட்டேன். வெப் பற்றி நாளை பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.