காகிதத்தில் ஒரு சிப்பி

சிப்பியின் வரிகளைக் காகிதத்தில் கொண்டுவர ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். காம்பஸால் 1 செ.மீ. இடைவெளியில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறி, நடுவில் ஓட்டை வெட்டி, ஒரு வட்டத்தை மேடாகவும் அடுத்ததைப் பள்ளமாகவும் மடிக்க வேண்டும். ஏ4 தாள் மூன்று கிழிந்தன. அப்புறம் சார்ட் பேப்பருக்கு மாறினேன். கடைசி வளையத்தை மடித்ததும் தட்டையாக இருந்தது தானாகவே முறுக்கிக்கொண்டு குதிரைச் சேணம் போல எழுந்து நின்றது. நான் வளைக்கவே இல்லை! ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் மாணவர்கள் 1920களிலேயே இதை மடித்திருக்கிறார்கள்.

சிப்பி வரவில்லை என்பது வேறு விஷயம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெயில போட்ட அப்பளமாட்டம் இருக்கு" என்றார்.

சரி, அடுத்தது பனங்குருத்து. அது பிறக்கும்போதே விசிறி மடிப்போடுதான் வருகிறது.